நாலு நாசில், ஒரு லீவர்: பெகாசஸ் இன்ஜின் விமர்சனம்

ஜெட் இன்ஜினை எடைபோடுகிறவர்கள் முதலில் கேட்பது மூன்றே கேள்விதான்: எவ்வளவு தள்ளும், எவ்வளவு கனம், எவ்வளவு எரிபொருள் குடிக்கும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால், நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பும் ஹாரியர் போர்விமானத்தின் இன்ஜினான பெகாசஸ் சுமார் ரகம். கடைசியாக வந்த 11-61 ரகத்தில் உந்துவிசை 23,800 பவுண்டு, எடை ஏறக்குறைய 1,800 கிலோ, அதாவது சுமார் 4,000 பவுண்டு. தன் எடையைப்போல் ஆறு மடங்கு தள்ளுகிறது. அதே காலத்துப் போர்விமான இன்ஜின்கள் ஆஃப்டர்பர்னர் (பின்குழாயில் மறுபடி எரிபொருளை எரிக்கும் ஏற்பாடு) போட்டால் ஏழெட்டு மடங்கு தள்ளிவிடும். ஆனால் பெகாசஸை வாங்கியவர்கள் தள்ளுவதற்காக வாங்கவில்லை, தூக்குவதற்காக வாங்கினார்கள். அந்த வேலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதற்கு உருப்படியான போட்டி இருக்கவில்லை.

இதன் நல்லது கெட்டது இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: தூக்குவதற்குத் தனி இன்ஜின், பறப்பதற்குத் தனி இன்ஜின் என்று வைக்காமல், ஒரே இன்ஜினை விமானத்தின் எடை மையத்தில் உட்காரவைத்து, வெளியேறும் காற்றை மட்டும் திருப்புவது. ஹாரியர் விமானிக்குக் கூடுதலாக ஒரே ஒரு லீவர் போதுமானதும், மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொள்வதும், ஒலி வேகத்தைத் தாண்ட முடியாமல் போனதும் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

எங்கிருந்து வந்தது

1956இல் மிஷேல் விபோ என்ற பிரெஞ்சு விமான வடிவமைப்பாளர் ஒரு யோசனையோடு கிளம்பினார். பிரிஸ்டல் நிறுவனத்தின் ஓரியன் டர்போப்ராப் இன்ஜின் நடுவில். அதிலிருந்து தண்டுகளும் கியர்களும் போய், விமானத்தின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நாலு ஊதுவான்களைச் சுழற்றும். ஊதுவானின் கூடு நத்தை ஓடு மாதிரி. கூட்டைத் திருப்பினால் காற்று போகும் திசை மாறும். யோசனை சரி, இயந்திரம் சரியில்லை. அத்தனை கியர், அத்தனை தண்டு, எல்லாம் எடை.

பாரிஸில் இருந்த அமெரிக்க ஆயுத உதவித் திட்ட அலுவலகத்தின் வழியாக இது பிரிஸ்டலின் தொழில்நுட்ப இயக்குநர் ஸ்டான்லி ஹூக்கரிடம் வந்தது. அவர் கார்டன் லூயிஸ் என்ற இன்ஜினியரிடம் தள்ளிவிட்டார். லூயிஸ் நாலு ஊதுவான்களையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒலிம்பஸ் இன்ஜினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் முன் படிகளை (பிளேடு வரிசைகளை) எடுத்து ஒற்றை ஃபேனாக வைத்தார். ஃபேனின் குளிர்ந்த காற்று இரு பக்கமும் திரும்பக்கூடிய இரண்டு நாசில் (காற்று வெளியேறும் வாய்) வழியாக வெளியேறும். பிறகு ஓரியனும் போனது, அதன் இடத்தில் ஆர்ஃபியஸ் வந்தது. நாட் போர்விமானத்தில் இருந்த, பெங்களூர் எச்ஏஎல்லில் உரிமம் வாங்கித் தயாரித்த அதே ஆர்ஃபியஸ்தான். அதைத் தேர்ந்தெடுக்க உருப்படியான காரணம் இருந்தது. ஆர்ஃபியஸின் நடுத்தண்டு அகலமான, உள்ளே காலியான குழாய். அதற்குள்ளேயே ஃபேனின் தண்டை நுழைத்துப் பின்னால் சூடான வாயு சுழற்றும் டர்பைனோடு இணைத்துவிடலாம். கியர்பாக்ஸே வேண்டாம்.

அப்போதும் சூடான வாயு நேராகப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது. முன்னால் மட்டும் தூக்கினால் விமானம் எப்படி நிற்கும்? ஹாக்கர் நிறுவனத்தில் சிட்னி கேமின் கீழ் வேலை பார்த்த ரால்ஃப் ஹூப்பர், பின் குழாயையும் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரித்து, அதிலும் திரும்பும் நாசில் போடலாம் என்றார். ஹாக்கர்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்களுடைய சீ ஹாக் விமானத்தில் புகைக்குழாய் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்துதான் வெளியேறும். நாலு நாசில், நாலு கால் கட்டில் மாதிரி. இதற்குப் பிறகு அடிப்படை வடிவம் மாறவேயில்லை.

பணம் வந்த கதையும் கவனிக்கத்தக்கது. ஆளோட்டும் போர்விமானங்களுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று 1957இல் பிரிட்டிஷ் அரசு வெள்ளை அறிக்கை விட்டிருந்த நேரம். இன்ஜின் செலவில் முக்கால் பங்கை அந்த அமெரிக்கத் திட்டம் கொடுத்தது, கால் பங்கை பிரிஸ்டல் போட்டது. 1959 செப்டம்பரில் முதல் இன்ஜின் சோதனை மேடையில் ஓடியது. உந்துவிசை 9,000 பவுண்டு. பறக்கும் தகுதியோடு வந்த பெகாசஸ் 2, சுமார் 11,000 பவுண்டு. 1960 அக்டோபர் 21 அன்று டன்ஸ்ஃபோல்ட் விமானத்தளத்தில், ஹாரியரின் முன்னோடியான பி.1127ஐச் சங்கிலியில் கட்டி, சோதனை விமானி பில் பெட்ஃபர்ட் தரையிலிருந்து தூக்கினார். அப்போது அவர் காலில் மாவுக்கட்டு. விமானத்திலிருந்து கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றித்தான் அது எழுந்தது. உந்துவிசை அவ்வளவு இழுபறி.

உள்ளே என்ன இருக்கிறது

முன்னால் மூன்று படி ஃபேன், பின்னால் எட்டுப் படி உயர் அழுத்தக் கம்ப்ரசர், வளைய வடிவ எரியறை, இரண்டு படி உயர் அழுத்த டர்பைன், அதற்குப் பின்னால் ஃபேனைச் சுழற்றும் இரண்டு படி டர்பைன். உள்ளே இழுக்கும் காற்றில் பாதிக்குமேல் எரியறைப் பக்கமே போகாமல் முன் நாசில்கள் வழியாக வெளியேறிவிடும். முன் நாசிலில் காற்று ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ், பின் நாசிலில் 670 டிகிரி அளவு. பின் நாசிலுக்குப் பின்னாலுள்ள உடல்பகுதியை வெப்பக் கவசம் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஃபேன் தன் பேரிங்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு முன்னே நிலையான வழிகாட்டிப் பிளேடுகள் இல்லை. பனி ஒட்டிக்கொள்ள இடம் இல்லாததால், சூடான காற்றைத் திருடிப் பனி உருக்கும் ஏற்பாடும் தேவையில்லை. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் கம்ப்ரசரிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துளிக் காற்றும் தூக்கும் சக்தியிலிருந்து கழிகிற இன்ஜினில் இது பெரிய சேமிப்பு.

இரண்டு தண்டுகளும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. காற்றில் நிற்கும்போது இறக்கையும் வாலும் செத்த பொருள். அவற்றின்மேல் காற்று ஓட்டமே இல்லை. இரண்டு தண்டும் ஒரே பக்கம் சுழன்றால் இன்ஜின் பெரிய பம்பரமாகிவிடும். மூக்கைத் தூக்கினால் விமானம் பக்கவாட்டில் திரும்பும், பக்கவாட்டில் திருப்பினால் மூக்கு ஆடும். எதிரெதிராகச் சுழற்றியதும் ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் அடித்துவிடுகிறது. ஆரம்பக்கால பி.1127இல் தானியங்கி நிலைப்படுத்தி இல்லாமலே கையால் நிறுத்திப் பிடிக்க முடிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இன்னொரு கட்டுப்பாட்டை இந்த இன்ஜினைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. முன் இரு நாசிலின் தூக்கும், பின் இரு நாசிலின் தூக்கும் எடை மையத்தைச் சுற்றிச் சமமாக இருந்தாக வேண்டும். சாதாரண இன்ஜினில் உந்துவிசை போதவில்லை என்றால் ஃபேனைப் பெரிதாக்கலாம், அல்லது டர்பைனைச் சூடாக ஓட்டலாம். இங்கே ஒன்றை மட்டும் தொட்டால் விமானம் மூக்கு குப்புறவோ வால் தாழவோ சாயும். 9,000 பவுண்டிலிருந்து 23,800 வரை வளர்த்தபோது ஒவ்வொரு படியிலும் ஃபேனையும் மையப்பகுதியையும் ஜோடியாகவே வளர்த்தார்கள்.

நாசில் ஓட்டம்

விமானியின் இடது கையில் த்ராட்டிலும் (இன்ஜின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி), அதை ஒட்டியே நாசில் லீவரும். லீவர் முன்னால் இருந்தால் நாசில் நேராகப் பின்னோக்கி இருக்கும். பின்னால் இழுத்தால் தரையை நோக்கித் திரும்பும். முழுக்க இழுத்தால் 98 டிகிரி, அதாவது செங்குத்தைத் தாண்டிச் சற்று முன்னோக்கி. அது பிரேக் பிடிக்க. குறுகிய ஓட்டத்தில் கிளம்புவதற்கு லீவரில் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு தடை உண்டு. விமானத்தின் எடைக்கேற்ப அதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட்டால், ஓடும்போது லீவரைத் தடையில் முட்டும்வரை இழுத்தால் போதும். கோணத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

திருப்புவது கம்ப்ரசர் காற்றில் ஓடும் மோட்டார். அதிலிருந்து தண்டுகள், கடைசியில் மோட்டார் சைக்கிளில் இருப்பது மாதிரியான செயின். நாலு நாசிலும் இயந்திர ரீதியாக ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. மின்சாரமோ கணினியோ குறுக்கே இல்லாததால் ஒன்று மட்டும் தனியாகத் திரும்பிக்கொள்ள வழியில்லை. இந்த இன்ஜினின் ஆகச்சிறந்த பகுதி எது என்று கேட்டால் டர்பைனை அல்ல, இந்தச் செயினைத்தான் காட்ட வேண்டும்.

அதற்காக இது முதல் நாளிலிருந்தே பிசகாமல் ஓடியது என்று நினைத்துவிடக் கூடாது. 1961 டிசம்பர் 14 அன்று இரண்டாவது பி.1127 யோவில்டன் அருகே விழுந்தது. முன்பக்க நாசில் ஒன்று பறக்கும்போதே கழன்று போயிருந்தது. குளிர்ந்த காற்றுதானே என்று கண்ணாடியிழையில் செய்திருந்தார்கள். வெப்பம் 150 டிகிரிதான், ஆனால் அதிர்வும் அழுத்தமும் அதற்குத் தெரியுமா? அதற்குப் பிறகு முன் நாசிலும் எஃகு. 1963இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில், கூட்டத்தின் கண்ணெதிரே, முதல் பி.1127 நின்ற இடத்திலிருந்து பொத்தென்று இறங்கியது. நாசில் மோட்டாரின் காற்றுப்பாதையில் ஒரு தூசு சிக்கி, விமானி கேட்காமலே நாசில்கள் திரும்பிவிட்டன. இரண்டு விபத்திலும் பெட்ஃபர்ட் பிழைத்தார். பாரிஸில் விழுந்த விமானத்தைச் சரிசெய்து மறுபடி பறக்கவிட்டார்கள். இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

லீவர் பற்றி ஒரு குறை. த்ராட்டிலும் நாசில் லீவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், நெருக்கடியில் பழக்கதோஷத்தில் கை தவறானதைப் பிடித்துவிடும். நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் த்ராட்டிலைக் கூட்டுவதற்குப் பதில் நாசிலைப் பின்னோக்கித் தள்ளினால், தூக்கு போய்விட்டது என்று அர்த்தம். ஹாரியர் பயிற்சியில் இதை ஓயாமல் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

23,800 பவுண்டில் கையில் எவ்வளவு மிஞ்சும்

விளம்பரத்தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அமெரிக்க மரீன் படையின் இரண்டாம் தலைமுறை ஹாரியரான ஏவி-8பி ஓடிக் கிளம்பினால் 31,000 பவுண்டு வரை சுமக்கும். நின்ற இடத்திலிருந்து நேராக எழ வேண்டுமென்றால், 11-61 பொருத்தியிருந்தாலும், ஏறக்குறைய 20,000 பவுண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உந்துவிசைக்கும் எழும் எடைக்கும் நடுவில் மூவாயிரம் பவுண்டுக்குமேல் எங்கே போயிற்று?

முதல் கழிவு, விமானத்தை நிமிர்த்திப் பிடிக்கும் சிறு ஊதல்களுக்கு. மூக்கிலும் வாலிலும் இறக்கை நுனிகளிலும் சிறிய வால்வுகள் இருக்கின்றன. நாசிலைக் கீழே திருப்பியதும் உயர் அழுத்தக் கம்ப்ரசரிலிருந்து காற்று இந்தக் குழாய்களுக்குத் தானாகவே திறந்துவிடும். விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை அசைக்க அசைக்க அந்தக் காற்று கூடுதலாகப் போகும். எரியறைக்குப் போக வேண்டிய காற்று குறைந்தால் டர்பைன் வெப்பம் ஏறும். புதிய விமானிகள் நிற்கும்போது குச்சியைப் படபடவென்று ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆட்டத்தை வெப்பமானியில் அப்படியே பார்க்கலாம். கை அமைதியானவருக்கு அதே இன்ஜின் கூடுதலாகத் தூக்கும்.

இரண்டாவது, தன் மூச்சைத் தானே இழுப்பது. கீழே அடித்த சூடான வாயு தரையில் பட்டுப் பரவி, நாலு தாரைகளும் சந்திக்கும் இடத்தில் நீரூற்று மாதிரி மேலே எழும்பி, உடலை ஒட்டி முன்னால் ஓடிக் காற்றுவாயிலுக்குள் நுழையும். நுழையும் காற்று சூடானால் உந்துவிசை விழும். திட்டுத்திட்டாக நுழைந்தால் கம்ப்ரசர் விக்கும். டமார் என்று ஒரு சத்தம், தூக்கு போய்விடும். அதனால்தான் நேராக எழும்பும் முறையே வேறு. முதலில் ஊதல் குழாய்களின் அழுத்தத்தைச் சரிபார்த்துவிடுவார்கள். அப்புறம் நாசிலைக் கீழே திருப்பிய கையோடு த்ராட்டிலை முழுக்கத் தள்ளிவிட வேண்டும். மெதுவாகக் கூட்டலாம் என்று தரையில் நின்றால் தன் புகையைத் தானே குடித்துக்கொண்டிருக்கும். இறங்கும்போதும் சக்கரம் தரையில் பட்ட நொடியே த்ராட்டிலை மூடி, நாசிலைப் பின்னால் திருப்பிவிட வேண்டும்.

ஏவி-8பியில் இதற்கு ஒரு நல்ல வைத்தியம் செய்தார்கள். வயிற்றில் இரு பக்கமும் நீளவாக்கில் தட்டிகள், முன்னால் குறுக்கே மடங்கி இறங்கும் ஒரு தடுப்பு. எழும்பி வரும் நீரூற்றை ஒரு பெட்டிக்குள் பிடித்து வைத்த மாதிரி. காற்றுவாயிலுக்குச் சூடு போவதும் குறைந்தது, பிடிபட்ட காற்று விமானத்தை மேலே தள்ளவும் செய்தது. முன் நாசிலின் வாயை வேறு மாதிரி வெட்டியதில் மட்டும் இன்னொரு 200 பவுண்டு கிடைத்தது. இன்ஜினுக்கு உள்ளே அவ்வளவு சம்பாதிக்க எத்தனை கோடி செலவாகியிருக்கும் என்று யோசித்தால், தகரவேலையின் அருமை புரியும்.

மூன்றாவது, வெப்ப நாள். காற்று சூடாக இருந்தால் மெலிதாக இருக்கும், இன்ஜின் தள்ளுவதும் குறையும். சாதாரண விமானத்துக்கு ஓடுபாதை கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவே. செங்குத்தாக இறங்க வேண்டிய விமானத்துக்கோ அது கொண்டுபோன குண்டைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா, கடலில் எறிய வேண்டுமா என்ற கேள்வி. 1983 முதல் 2016 வரை ஹாரியரின் கடற்படை வடிவமான சீ ஹாரியரை ஓட்டிய இந்தியக் கடற்படை போன்ற வெப்பக்கடல்காரர்களுக்கு இது தினசரிக் கணக்கு. 11-61இன் உண்மையான பெருமையும் இங்கேதான். வெப்ப நாளில் முந்தைய ரகத்தைவிடச் சுமார் 15 சதவீதம் வரை கூடுதலாகத் தூக்கும்.

இந்தக் கழிவுகளுக்கு ஈடாக இருப்பது தண்ணீர். பழைய ஹாரியரில் 227 லிட்டர் தொட்டி. எரியறைப் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினால் டர்பைன் குளிரும். குளிர்ந்த அளவுக்குக் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். முழுத் தொட்டியும் ஏறக்குறைய 90 விநாடியில் காலி. குழாய்த் தண்ணீர் ஆகாது; உப்பு நீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கெண்டியில் படிகிற மாதிரி டர்பைன் பிளேடில் படியும். இன்னொரு சிக்கலும் உண்டு: எழும்பும்போது பயன்படுத்தாமல் இறங்குவதற்கென்று தண்ணீரைச் சுமந்துகொண்டே பறந்தால், அந்த 227 கிலோவையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

தண்ணீரோடு முழு உந்துவிசை 15 விநாடிக்குத்தான் அனுமதி. அதற்கடுத்த படி ஒன்றரை நிமிடம், தண்ணீர் இல்லாத சாதாரணத் தூக்கு இரண்டரை நிமிடம். ஒவ்வொரு சூடான விநாடியையும் இன்ஜினில் உள்ள ஆயுள் பதிவுக்கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கை வைத்து மட்டும் இந்த இன்ஜினின் வயதைச் சொல்ல முடியாது. பயிற்சிப் படையில் நாள் முழுக்க ஏறி இறங்கிய இன்ஜினும், நீண்ட தூரம் பறந்த இன்ஜினும் ஒரே மணி ஓடியிருந்தாலும் ஒன்று கிழம், மற்றது இளசு.

பராமரிப்பு: இங்கேதான் மதிப்பெண் குறைகிறது

இன்ஜினைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் இறக்கையைக் கழற்ற வேண்டும். ஒரு பக்க இறக்கையை அல்ல, இரு பக்கமும் ஒரே துண்டாக உள்ள முழு இறக்கையை. எரிபொருளை வடித்து, விமானத்தைத் தாங்கிகளில் ஏற்றி, இறக்கைக்குப் போகும் எரிபொருள் குழாய், ஊதல் குழாய், கட்டுப்பாட்டு இணைப்புகள் எல்லாவற்றையும் பிரித்து, கிரேனால் இறக்கையை மேலே தூக்கிப் பத்திரமாக வேறு இடத்தில் வைக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு நாசில்களும் கழன்றால்தான் இன்ஜின் மேலே வரும். திரும்பப் பொருத்தியதும் இறக்கையின் கட்டுப்பாடுகளை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். கப்பலின் அசையும் தளத்தில் இதைச் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள். அதே தலைமுறைப் போர்விமானங்கள் பலவற்றில் இன்ஜினை வாலுக்குப் பின்னாலேயோ வயிற்றுக்குக் கீழேயோ உருவிவிடலாம்.

நடுவில் வைத்தால் இதுதான் கூலி. வேறு எங்கும் வைக்க முடியாது என்பதும் உண்மை.

ஆனால் கிளப்புவதற்கு வெளி உதவி வேண்டியதில்லை. இன்ஜினின் மேலேயே ஒரு சிறிய எரிவாயு டர்பைன் உட்கார்ந்திருக்கிறது. அது பெகாசஸையும் கிளப்பும், தரையில் நிற்கும்போது மின்சாரமும் தரும். காட்டு ஓரத்தில் அலுமினியத் தகடு விரித்து இயக்கும் விமானத்துக்கு இது அவசியம். அப்படிப்பட்ட இடத்தில் இன்னொரு பகை, சிதறும் கல்லும் மண்ணும். தன் நாசிலாலேயே கிளப்பிவிட்டுத் தானே விழுங்கிக்கொள்ளும். தார்த்தளத்தில் ஒரே இடத்தில் நிறுத்தித் தூக்கினால் தார் உருகிப் பெயரும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இன்ஜின் பராமரிப்பில் சேர்த்திதான்.

சீ ஹாரியரோடு கடலுக்குப் போன மார்க் 104 ரகத்தில் மெக்னீசியம் பாகங்களுக்குப் பதில் அலுமினியம் போட்டார்கள். மெக்னீசியமும் உப்புக்காற்றும் ஒத்துப்போகாது.

எந்த ரகம்?

பெகாசஸ் 3 (13,500 பவுண்டு), பி.1127க்கும் ஹாரியருக்கும் நடுவில் வந்த கெஸ்ட்ரல் விமானத்தின் பெகாசஸ் 5 (15,500 பவுண்டு) இரண்டும் சோதனைப் பொருட்கள் என்றே சொல்லலாம். கெஸ்ட்ரலை பிரிட்டன், அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி மூன்றும் சேர்ந்து இங்கிலாந்தின் வெஸ்ட் ரேன்ஹாம் விமானத்தளத்தில் ஓட்டிப்பார்த்தன. பெகாசஸ் 6இல் 19,000 பவுண்டு வந்தது. 1969இல் ஹாரியர் படையில் சேர்ந்தது இதோடுதான். அதே ஆண்டு மே மாதம் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் நிலக்கரிக் கிடங்கிலிருந்து எழும்பி, நியூயார்க் மன்ஹாட்டனில் போய் இறங்கியது ஒரு ஹாரியர். 20,500 பவுண்டு தந்த பெகாசஸ் 10 ஒரு இடைக்காலப் படி.

முதல் தலைமுறையில் நின்று நிலைத்தது பெகாசஸ் 11, அதாவது மார்க் 103. 21,500 பவுண்டு. பிரிட்டனின் ஜிஆர்.3, அமெரிக்காவின் ஏவி-8ஏ ஆகிய ஹாரியர்கள் இரண்டும் இதை நம்பியே ஓடின. சீ ஹாரியரின் 104 இதன் கடல் பதிப்பு. இரண்டாம் தலைமுறையில் டிஜிட்டல் கட்டுப்பாடு வந்ததுதான் விமானிக்குப் பெரிய நிம்மதி. வெப்ப எல்லையையும் சுழற்சி எல்லையையும் கணினி பார்த்துக்கொள்வதால், தரைக்கு இருபது அடி உயரத்தில் மானியைப் பார்க்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. தேர்வு செய்யும் வசதி இருந்தால் 11-61ஐத் தவிர வேறொன்றை எடுக்கக் காரணமே இல்லை.

மற்றவை

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பெகாசஸின் மதிப்பு தெரியும். பிரான்சின் மிராஜ் 3வி, பறக்க ஒரு இன்ஜின், தூக்க எட்டுச் சிறு இன்ஜின் என்று ஒன்பதைச் சுமந்தது. ஒலியைப்போல் இருமடங்கு வேகம் போனது, ஆனால் பறக்கும் நேரம் முழுக்க அந்த எட்டும் வெறும் சுமை. அதற்கு முன்னோடியான பால்சாக் விமானம் 1964இலும் 1965இலும் விழுந்து இரண்டு முறையும் ஆளைக் கொன்றது. சோவியத் யாக்-38இல் மூன்று இன்ஜின். விமானம் காற்றில் நிற்கும்போது ஒரு இன்ஜின் அணைந்தாலும் கவிழும், அதனால் விமானியைத் தானாகவே வெளியே எறியும் இருக்கை வைத்தார்கள். பெகாசஸ் அணைந்தாலும் விமானம் விழும்தான். ஆனால் கவிழாமல் நேராக விழும், இருக்கையை இழுக்க அவகாசம் கிடைக்கும். நின்றுபோவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

பெகாசஸ் தோற்ற இடம் வேகம். முன் நாசிலின் குளிர்ந்த காற்றிலும் எரிபொருளை எரித்தால் ஒலி வேகத்தைத் தாண்டலாம் என்று பிஎஸ்.100 என்ற பெரிய இன்ஜினை உருவாக்கினார்கள். அது 1964இல் ஓடவும் செய்தது. அது போக வேண்டிய பி.1154 விமானத்தை 1965 பிப்ரவரியில் அரசு ரத்து செய்ததும் அதோடு முடிந்தது. 1980களில் பழைய ஹாரியர் ஒன்றை இங்கிலாந்தின் ஷூபரினெஸ்ஸில் சட்டத்தில் தொங்கவிட்டு முன் நாசில் எரிப்பைத் திரும்பவும் சோதித்தார்கள். நாலு நாசிலிலும் நெருப்பு என்றால் தரை என்ன ஆகும், காற்றுவாய்க்குள் போகிற சூடு என்ன ஆகும் என்ற கேள்விகள் மட்டும் அப்படியே இருந்தன.

இன்று அந்த வேலையைச் செய்வது அமெரிக்காவின் எஃப்-35பி போர்விமானம். அதன் பின் நாசில் மட்டும் கீழே மடங்குகிறது. முன்னால் தூக்குவதற்குத் தனி ஃபேன் ஒன்று. இன்ஜினிலிருந்து ஒரு தண்டு கிளட்ச் வழியாகப் போய், 25,000 குதிரைத்திறனுக்கு மேல் அதற்குக் கொடுக்கிறது. தண்டு, கியர், ஊதுவான். லூயிஸ் 1957இல் விபோவின் படத்திலிருந்து வெட்டி எறிந்த அதே மூன்றும்.

பிரிட்டன் 2010 டிசம்பரில் ஹாரியர்களை நிறுத்தியது. அடுத்த ஆண்டே 72 விமானங்களையும், கூடவே பெகாசஸ் இன்ஜின்களையும் உதிரிபாகங்களையும் அமெரிக்க மரீன் படை மொத்தமாக வாங்கிக்கொண்டது. பறக்கவிட அல்ல, தன் ஏவி-8பிகளுக்குப் பாகம் பாகமாகப் பிரித்து மாட்ட.